ஆட்சேபணை எழுதியே ஓய்வு பெற்றவர்

நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடும்போது, அந்த அறிவிப்பின் கடைசி வரிகளைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை, அதற்கு ஈடாக இன்ன சனிக்கிழமை வேலை நாள் என்பது வரைக்கும் படித்துவிட்டுச் செய்தித்தாளை மடித்துவிடுவோம். அதற்குக் கீழே, மாவட்டக் கருவூலமும் சார் கருவூலங்களும் அரசுப் பாதுகாப்பு தொடர்பான அவசரப் பணிகளைக் கவனிக்கும் பொருட்டுக் குறிப்பிட்ட பணியாளர்களுடன் செயல்படும் என்று ஒரு வாக்கியம் இருக்கும். ஊரே ரத வீதியில் வடம் பிடிக்க நிற்கும் நாளில், எங்கள் பெரியப்பா அந்தக் குறிப்பிட்ட பணியாளர்களில் ஒருவராகக் கொக்கிரகுளம் கருவூலத்தில் உட்கார்ந்திருப்பார்.

1972இல் சங்கரன்கோவில் சார் கருவூலத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர், 2008இல் கருவூல அலுவலராக ஓய்வு பெற்றார். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, திருச்செந்தூர் என்று பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் தாலுகா ஊர்கள் பலவற்றிலும் இருந்திருக்கிறார். 1986 அக்டோபரில் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது திருச்செந்தூர் அந்தப் பக்கம் போனது. அவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த 2019இல் தென்காசி பிரிந்தபோது சங்கரன்கோவிலும் போனது. அவர் வேலை பார்த்த ஊர்களை வரிசையாகச் சொன்னால், இன்று அவை மூன்று மாவட்டங்களில் கிடக்கின்றன.

கருவூலம் என்றால் உள்ளே பொன்னும் மணியும் குவிந்து கிடக்கும் என்றுதான் சிறுவயதில் நாங்கள் நம்பினோம். உறவினர்கள் பலருக்கு அவர் ஏதோ ஒரு வங்கியில் கேஷியர். கல்யாண வீடுகளில் அவரிடம் நகைக்கடனுக்கு வட்டி என்ன என்று கேட்பார்கள். அவரும் மறுத்து விளக்காமல், "ஸ்டேட் பேங்குல போயிக் கேளுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவார். நான் ஓர் அரசுப் பள்ளி அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, சம்பளப் பட்டியலையும் பயணப்படிப் பட்டியலையும் தயாரித்துக் கருவூலத்துக்கு அனுப்பத் தொடங்கிய பிறகுதான் அவர் என்ன வேலை பார்த்தார் என்பது எனக்கு விளங்கியது. அரசுப் பணத்தை யார் செலவழிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்சியரும் பொறியாளரும் மருத்துவ அலுவலரும் கண்ணுக்குத் தெரிகிறவர்கள். அந்தச் செலவு சரிதானா என்று கேட்க வேண்டிய கடமையோடு வாழ்நாள் முழுவதும் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தவரைப் பற்றி எழுதுவாரில்லை என்பதால் எழுதுகிறேன்.

மாநில அரசுக்கு வரும் வரியும் கடனும் பிற வருவாயும் தொகுப்பு நிதி என்ற ஒரே பையில் சேர்கின்றன. சட்டப்படி அல்லாமல் அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 266ஆம் பிரிவு. சட்டமன்றம் மானியக் கோரிக்கைகளை நிறைவேற்றிய பின், துறைத் தலைவர் தன் கீழுள்ள அலுவலகங்களுக்கு ஒதுக்கீடு செய்கிறார். நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளிக்குக் கரும்பலகை வாங்க வேண்டுமென்றாலும், அந்த ஒதுக்கீட்டுக்குள் நின்று, அதிகாரம் உள்ளவரிடம் செலவுக்கு அனுமதி தரும் ஒப்பளிப்பு ஆணை பெற்று, பொருளை வாங்கி, பணம் பெற்று வழங்கும் அலுவலர் கையெழுத்திட்ட பட்டியலாக, அதாவது பில்லாக, அது கருவூலத்துக்கு வந்து சேர வேண்டும். கருவூலத்தில் அதைப் பார்க்கிறவர் கேட்கும் கேள்விகள் அதிகமில்லை. ஒதுக்கீடு மிச்சம் இருக்கிறதா? ஒப்பளித்தவருக்கு அந்த அதிகாரம் உண்டா? எந்த வகைச் செலவு என்று காட்டும் கணக்குத் தலைப்பு சரியா? கையெழுத்து, அலுவலகத்தில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகிறதா? வவுச்சர்கள் இருக்கின்றனவா, கூட்டல் சரியா? எல்லாம் சரியென்றால் பணம் வங்கியில் கிடைக்கும். ஒன்று சரியில்லை என்றாலும் பட்டியல் ஆட்சேபணையோடு திரும்பும்.

பெரியப்பாவின் வீடு திருநெல்வேலி டவுனில். வேலைக்குப் போகும்போது தினமும் சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டித்தான் போவார். ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த ஒருவர், தாமிரபரணியைக் கடக்க மக்கள் படும் பாட்டைப் பார்த்துத் தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்து 1843இல் திறந்த பாலம் அது. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊர்க்காரர்கள் முதலியாரின் வள்ளல் தன்மையைச் சொல்வார்கள். பெரியப்பா, "நிர்வாக ஒப்புதல் இல்ல, தொழில்நுட்ப ஒப்புதல் இல்ல, ஒப்பந்தப்புள்ளி இல்ல, பாலம் மட்டும் நிக்கி" என்பார். அதைக் கேலியாகச் சொல்கிறாரா பொறாமையோடு சொல்கிறாரா என்பதை இன்றுவரை என்னால் பிரித்தறிய முடியவில்லை.

கணக்குத் தலைப்புகளை அவர் ஊர்ப்பெயர்களைப் போல நினைவில் வைத்திருந்தார். நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்தே பணம் எந்த வகை என்று சொல்லிவிடலாம்: 0, 1 என்றால் வரவு, 2, 3 என்றால் அன்றாட வருவாய்ச் செலவு, 4, 5 மூலதனச் செலவு, 6, 7 கடன், 8 என்றால் அரசு தன் கையில் வைத்திருந்தாலும் பிறருக்குத் திருப்பித்தர வேண்டிய பணம். பொதுக் கல்வி 2202, மருத்துவம் 2210, ஓய்வூதியம் 2071, இயற்கைப் பேரிடர் நிவாரணம் 2245. கருவூல நிர்வாகத்துக்கே 2054 என்று ஒரு தலைப்பு உண்டு. தன் சம்பளமும் அதில்தான் வருகிறது என்று சொல்லிச் சிரிப்பார். தலைப்பைத் தவறாகப் போட்டால் என்ன, பணம் அரசிலிருந்துதானே போகிறது என்று ஒருமுறை கேட்டேன். நிவாரணத்துக்கு என்று சட்டமன்றம் ஒதுக்கிய தொகையில் யாரோ அலுவலகத்துக்கு நாற்காலி வாங்கினால், கணக்கில் அது வெள்ளத்தில் வீடிழந்தவருக்குப் போனதாகவே பதிவாகும். பின்னாளில் எவ்வளவு நிவாரணம் கொடுத்தோம் என்று அரசு கேட்டால் அந்த நாற்காலியும் சேர்ந்தே எண்ணப்படும் என்றார். அதன் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அக்காலக் கருவூலத்தின் வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர் நிற்பார். உள்ளே பட்டியல் வாங்கும் முகப்பு. பட்டியலைக் கொடுத்தால் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள், டோக்கன் என்போம். காலங்காலமாகக் கைமாறி விளிம்பு தேய்ந்து, எண் மட்டும் பள்ளமாக நிற்கும் வில்லை. பள்ளியிலிருந்து வந்த அலுவலக உதவியாளர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேப்ப மரத்தடியில் காத்திருப்பார். வில்லையைத் தொலைத்தால் அபராதமும் உண்டு, எழுதிக் கொடுக்க வேண்டியதும் உண்டு. பட்டியல் தேறியதும் வில்லையைத் திரும்பக் கொடுத்துவிட்டு, வங்கியில் பணத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் பேருந்து ஏற வேண்டும். ஆசிரியர்களின் ஒரு மாதச் சம்பளம் முழுவதும் மஞ்சள் பைக்குள் ரொக்கமாக, பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாமல் போய்ச் சேர்ந்த காலம் அது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கிச் சம்பளம் பட்டுவாடா செய்வார்கள். கருவூலத்தில் ஒரு பட்டியல் திரும்பினால் அன்று அந்தப் பள்ளியில் யாருக்கும் சம்பளம் இல்லை என்று பொருள்.

ஆட்சேபணை எழுதுவதில்தான் ஒரு கருவூல அலுவலரின் தரம் தெரியும் என்பது என் முடிவு. பட்டியலில் உள்ள எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் கேட்க வேண்டும், தவணை முறையில் கேட்கக் கூடாது என்று துறையில் அறிவுறுத்தல் உண்டு. அறிவுறுத்தல் உள்ளது என்பதும் அது நடக்கிறது என்பதும் வேறு வேறு சங்கதிகள். முதல் தடவை கூட்டல் தவறு என்று திரும்பும். அதைத் திருத்திக் கொண்டுபோனால் இரண்டாவது தடவை ஒப்பளிப்பு ஆணையின் நகலில் சான்றொப்பம் இல்லை என்பார்கள். மூன்றாவது தடவை வவுச்சரில் தேதி இல்லை. முதல் நாளே இந்த மூன்றும் அந்தத் தாளில் இருந்தவைதான். ஒவ்வொன்றாகக் கேட்பது எங்கே போய் முடியும், நான்காவது தடவை போகிறவர் எதை மனத்தில் வைத்துக்கொண்டு போவார் என்பது அரசு அலுவலகப் படி ஏறி இறங்கிய எவருக்கும் தெரியும்.

பெரியப்பா கண்காணிப்பாளராக இருந்தபோது, மூன்று முறை திரும்பிய ஒரு பட்டியலைத் தன் மேசைக்கு வரவழைத்தார் என்று அவரோடு பணிபுரிந்த ஒருவர் என்னிடம் சொன்னார். பிரிவு உதவியாளரை நிற்க வைத்துத் திட்டவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "ஒரு பில்லு மூணு தடவ திரும்பிச்சுன்னா அவரு மூணு தப்பு செஞ்சாருன்னு மட்டும் அர்த்தம் இல்ல தம்பி, நீரு ரெண்டு தடவ ஒழுங்காப் பாக்கலன்னும் அர்த்தம்" என்றாராம். அதன் பிறகு அந்த அலுவலகத்தில் ஆட்சேபணைத் தாளில் எண் போட்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே நிதி விதித் தொகுப்பிலோ கருவூல விதிகளிலோ அதற்குரிய விதி எண்ணையும் எழுதும் வழக்கம் வந்தது. விதி எண் எழுத முடியாத ஆட்சேபணையை எழுதக் கூடாது என்பது அவருடைய ஏற்பாடு. கேட்பதற்கு எளிமையாகத் தோன்றும். ஆனால் பிரிவில் உள்ளவரின் மனநிலையை நம்பி இருந்த பல ஆட்சேபணைகள் அந்த ஒரே ஏற்பாட்டில் காணாமல் போயின.

விதிகளை அவர் கண்ணை மூடிக்கொண்டு வணங்கியவர் என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பணத்தைச் செலவழிப்பதில் எவ்வளவு விழிப்போடு இருப்பாரோ, அரசுப் பணத்தைச் செலவழிப்பதிலும் ஒவ்வோர் அலுவலரும் அவ்வளவு விழிப்போடு இருக்க வேண்டும் என்பது நிதி ஒழுங்கின் முதல் நெறியாக விதிநூல்களில் இருக்கிறது. கணக்குத் தேர்வுக்கு நான் படித்துக்கொண்டிருந்தபோது அதை வாசித்துக் காட்டினேன். "சொந்தப் பணத்த விழிப்பாச் செலவழிக்கவனை நம்ம ஊர்க் கல்யாணத்துல எங்கயாவது பாத்திருக்கியாட்டி?" என்று கேட்டார். அந்த நெறி எழுதப்பட்ட நாட்டில் ஆடம்பரக் கல்யாணங்கள் இல்லை போலும் என்பது அவர் ஊகம். அரசு அலுவலர் தன் வீட்டுப் பணத்தைக் காட்டிலும் கூடுதலான விழிப்போடு இருந்தாக வேண்டும், ஏனென்றால் வீட்டில் தவறு செய்தால் கேட்பதற்கு வீட்டுக்காரி இருக்கிறாள் என்றும் சொன்னார். பெரியம்மா அடுப்படியிலிருந்து ஏதோ பதில் சொன்னார்கள். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

அவர் மிகவும் வருந்தி விளக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. பாஞ்சாலங்குறிச்சிக் கதையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வீரக் கதையாகக் கேட்டு வளர்கிறோம். அவர் அதைக் கணக்கு ஒத்திசைவு செய்யாமையால் வந்த வினை என்பார். 1798 மே மாத நிலவரப்படி கட்டபொம்மன் செலுத்த வேண்டிய பாக்கி 3310 பகோடா (அக்காலப் பொற்காசு) என்று கம்பெனியின் ஆட்சியர் ஜாக்சன் கேட்டார். பாளையக்காரரை ஊர் ஊராக அலைய வைத்து, கடைசியில் ராமநாதபுரத்தில் சந்தித்து, அந்தச் சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. பிறகு கணக்கைப் பார்த்தபோது பெரும்பகுதி செலுத்தப்பட்டு 1080 பகோடாதான் பாக்கி இருந்தது என்பது பள்ளிப் பாடநூலிலேயே உள்ள செய்தி. ஆதிக்கமும் அவமதிப்பும் அந்தச் சண்டைக்கு அடிப்படை என்பதை அவர் மறுப்பதில்லை. ஆனாலும், ஒருவரைக் கூப்பிட்டு நிற்க வைப்பதற்கு முன்னால் வரவுப் பேரேட்டைப் புரட்டிப் பார்க்காத அதிகாரியை அவரால் மன்னிக்க முடிந்ததில்லை. மாதாமாதம் ஒவ்வோர் அலுவலகமும் தன் செலவுக் கணக்கைக் கருவூலக் கணக்கோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்ற விதியைச் சலிப்போடு பார்க்கும் இளைஞர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வார்.

இரட்டைப் பூட்டு அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காப்பறைக் கதவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு ஆள். ஒருவர் மட்டும் வந்து திறக்க முடியாது. உள்ளே எதை எடுத்தாலும் வைத்தாலும் பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். நாங்கள் கற்பனை செய்த பொன்னும் மணியும் அங்கே இல்லை. நாசிக் அச்சகத்திலிருந்து வந்த முத்திரைத்தாள் கட்டுகளும், அரக்கு முத்திரையிட்ட உறைகளும், மற்ற அலுவலகங்களின் மாற்றுச் சாவிகளும்தான் பெரும்பாலும் இருந்தன. சாவி வைத்திருப்பவர் ஊரைவிட்டுப் போனால் எழுத்தில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பெரியம்மாவின் தம்பி கல்யாணத்துக்குப் பெரியப்பா முகூர்த்தத்தன்று காலையில்தான் வந்து சேர்ந்தார் என்ற புகார் எங்கள் குடும்பத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. விடுமுறை நாளிலும் கருவூலத்துக்கு ஆள் வேண்டும் என்பதன் காரணமும் இந்த அறைதான்.

அவர் பணிக்காலத்தில் அவரை மிகவும் உழைக்க வைத்தவர்கள் ஓய்வூதியர்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை நேர்காணல் என்று ஒன்று நடக்கும்: ஓய்வூதியர் தாம் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து காட்ட வேண்டும். பாளையங்கோட்டை வெயிலில், அக்கினி நட்சத்திரத்தில், எண்பது வயதுக்காரர்களைப் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வரச்சொல்லும் ஏற்பாட்டைக் கொடுமை என்றே நானும் நினைத்தேன். கருவூலத்தில் இருக்கும் ஓய்வூதியக் கொடுப்பாணையின் ஒரு பாதியையும், ஓய்வூதியர் கையில் கொண்டுவரும் மறு பாதியையும் சேர்த்து வைத்து, அதில் எழுதியுள்ள அங்க அடையாளத்தைப் பார்ப்பார்கள். "வலது முழங்கையில் ஒரு மச்சம்" என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியதைச் சுருங்கிய தோலில் தேடுவார்கள். இறந்தவர் பெயரில் ஓய்வூதியம் போய்க்கொண்டே இருந்த நிகழ்வுகள் நாடெங்கும் தணிக்கையில் வந்திருக்கின்றன. அதனால் அந்தச் சோதனையைக் கைவிடவும் முடியாது. பெரியப்பா தன்னால் ஆனதைச் செய்தார். நடக்க முடியாதவர்களைப் படியேற விடாமல், ஆட்டோவிலேயே உட்கார வைத்துப் பதிவேட்டை வெளியே எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கச் செய்வார். இப்போது விரல் ரேகை வைத்தால் வாழ்நாள் சான்று வீட்டிலிருந்தே போய்விடுகிறது. அந்த ஒரு மாற்றத்துக்காகக் கணினியை எத்தனை புகழ்ந்தாலும் தகும்.

குடும்ப ஓய்வூதியம் அதைவிடச் சிக்கலானது. எங்கள் பக்கத்தில் இசக்கியம்மாள் என்ற பெயர் பணிப்பதிவேட்டில் இசக்கியம்மாள் என்றும், குடும்ப அட்டையில் எசக்கியம்மாள் என்றும், வங்கிப் புத்தகத்தில் வெறும் எசக்கி என்றும் இருக்கும். கணவர் இருந்தவரை மூன்றும் ஒருவரே என்பதில் யாருக்கும் ஐயம் வராது. அவர் போன மறுமாதம் மூன்று பெண்கள் ஆகிவிடுவார்கள். விதிப்படி பார்த்தால் பெயர் ஒவ்வாமை என்று எழுதித் திருப்புவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அந்தத் தாள் எதையும் சொல்லாது. பெரியப்பா ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, வட்டாட்சியரிடம் இருவரும் ஒருவரே என்ற சான்று, கணவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கூட்டு நிழற்படம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல் என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் தமிழில் எழுதி, எந்த அலுவலகத்தில் எதை வாங்க வேண்டும் என்பதையும் எதிரே எழுதிக் கொடுப்பார். அவர் எந்த விதியையும் தளர்த்தவில்லை. அத்தனை காகிதமும் வந்த பிறகே கோப்பில் கையெழுத்திட்டார். ஒரு நடைக்குப் பதிலாக ஏழு நடை நடந்திருக்க வேண்டியவர்கள், அந்தத் துண்டுச் சீட்டால் தப்பித்தார்கள். அரசு நிதி நிர்வாகத்தில் சீர்திருத்தம் என்று பெரிய பெரிய அறிக்கைகளில் வருவதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சீட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

விதிகளைக் கொண்டு பணத்தை நிறுத்துகிறவருக்கு, விதியைத் தாண்டிப் பணம் கொடுக்கவும் ஒரு வழி விதிநூலிலேயே இருக்கிறது. கருவூல விதி 27. அவசர நிலையில் மாவட்ட ஆட்சியர் தன் கையெழுத்திட்ட உத்தரவின் மூலம், வழக்கமான நடைமுறைகளைப் பின்பற்றாமலே பணம் வழங்குமாறு கருவூல அலுவலருக்குக் கட்டளையிடலாம். உத்தரவின் நகலும், அதற்கான சூழ்நிலை விளக்கமும் உடனே மாநில அரசின் கணக்குகளைத் தொகுக்கும் மாநிலக் கணக்காயருக்குப் போக வேண்டும். கருவூல அலுவலரும் தன் பங்குக்குத் தனியே தெரிவிக்க வேண்டும். 1992 நவம்பரில் தாமிரபரணி கரை புரண்டபோதும், 2004 டிசம்பர் 26இல் உவரியிலும் இடிந்தகரையிலும் கடல் ஏறியபோதும் அந்த விதிக்கு உரிய நாள்கள் எப்படி இருக்கும் என்பதை அவர் நேரில் பார்த்தார். சுனாமி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலையே அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தார். வாய்மொழியாகச் சொல்லும் உயர் அதிகாரியிடம் "எழுதிக் குடுங்க ஐயா, அடுத்த நிமிசம் பணம் போகும்" என்று சொல்லத் தெரிய வேண்டும் என்பார். எழுதச் சொல்வதைத் தடை என்று நினைக்கிற அதிகாரிகள் உண்டு. எழுதியவருக்குத்தான் பின்னாளில் அந்தத் தாள் பாதுகாப்பு என்பதைப் புரிந்துகொண்ட அதிகாரிகளும் உண்டு. பணிக்காலத்தில் இரண்டு வகையினரோடும் அவருக்கு வேலை இருந்தது. முதல் வகையினரால் இரண்டு முறை அவசர மாறுதலும் வந்தது.

மார்ச் மாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரசு ஊழியர் வீட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். 1867இலிருந்து இந்நாட்டில் நிதியாண்டு ஏப்ரல் முதல் நாளில் தொடங்குகிறது. மார்ச் 31 நள்ளிரவோடு செலவழிக்காத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். ஆண்டு முழுவதும் உறங்கிய ஒப்பளிப்புகள் அந்த வாரத்தில் விழித்துக்கொண்டு பட்டியல்களாகக் கருவூலத்துக்கு ஓடி வரும். உடனடியாகப் பட்டுவாடா செய்யத் தேவைப்பட்டாலன்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்பது விதி; ஒதுக்கீடு போய்விடுமே என்று எடுத்து வேறு வைப்புக் கணக்கில் போட்டு வைப்பது பழக்கம். விதிக்கும் பழக்கத்துக்கும் நடுவில், இரவு பதினொரு மணிக்கு, தலைக்கு மேல் குவிந்த தாள்களோடு உட்கார்ந்திருப்பவர் அவசரத்தில் ஒரு பட்டியலைச் சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் எப்போதும் சாய்பாசாவைச் சொல்வார். அன்று பீகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் உள்ள அந்தச் சிறு நகரின் கருவூலத்திலிருந்து, கால்நடைத் துறையின் பெயரில், ஒதுக்கீட்டைப் பல மடங்கு தாண்டிப் போலிப் பட்டியல்கள் மூலம் பணம் போயிருந்தது 1996 ஜனவரியில் வெளியே வந்தது. அதில் ஒரு வழக்கின் தொகை மட்டும் 37.7 கோடி ரூபாய். முதலமைச்சர்கள் வரை சிறைக்குப் போன அந்த விவகாரத்தில் பத்திரிகைகள் அரசியலை எழுதின. பெரியப்பாவின் கண் வேறோர் இடத்தில் நின்றது: ஒதுக்கீடு மிச்சம் இருக்கிறதா என்ற முதல் கேள்வியை அந்த முகப்பில் இருந்தவர் ஒவ்வொரு பட்டியலுக்கும் கேட்டிருந்தால், அத்தனை தாள்களும் அங்கேயே நின்றிருக்கும்.

அம்பாசமுத்திரத்தில் இருந்த ஆண்டுகளில் அவருக்குக் கல்வெட்டுப் பித்துப் பிடித்தது. அவ்வூர்க் கல்வெட்டு ஒன்றில், வரகுண பாண்டியன் இளங்கோக்குடிச் சபையார் கையில் 290 காசு கொடுத்து, முதல் கெடாமல் பொலி (வட்டி) மட்டும் கொண்டு கோவில் வழிபாட்டை நடத்த ஏற்பாடு செய்திருக்கிறான். காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல், ஆக 580 கலம். அந்த நெல்லைக் கொண்டு அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு என்று எதற்கு எவ்வளவு என்பதும் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பெரியப்பா இதை ஒரு தாளில் இரண்டு பத்திகளாக எழுதிக் கூட்டிப் பார்த்தார். 9ஆம் நூற்றாண்டில் எங்கள் ஊர்ச் சபையாரிடம் மூலதனத்தைத் தொடாதே, செலவைத் தலைப்புவாரியாகப் பிரி என்ற இரண்டு கட்டளைகளும் இருந்திருக்கின்றன என்பதில் அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்தக் கல்வெட்டுக்கு ஆட்சேபணை எழுத முடிந்ததா என்று கேட்டேன். பெறுபவரின் கையெழுத்து இல்லை என்றார்.

ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தொகுத்து மொத்தமாகப் பெற்றிருந்தார். 15 ஆண்டுகள் முடிந்து 2023இல் அந்தப் பகுதி மாத ஓய்வூதியத்தில் மீண்டும் சேர்ந்தபோது, வந்த தொகையைத் தான் முன்பே போட்டு வைத்திருந்த கணக்கோடு ஒப்பிட்டார். பைசா பிசகாமல் சரியாக இருந்தது. அதில் அவருக்குச் சிறிய ஏமாற்றம் இருந்ததாகவே எனக்குப் பட்டது.

பித்தளை வில்லையும் மாதிரிக் கையெழுத்து அட்டையும் இப்போது இல்லை. 2019இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம், பின்னர் களஞ்சியம் என்ற பெயரோடு, பட்டியலையும் பணிப்பதிவேட்டையும் திரைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஒதுக்கீட்டைத் தாண்டிய பட்டியலைக் கணினி உள்ளேயே விடாது. கூட்டல் தவறுக்கு இடமில்லை. மஞ்சள் பையோடு யாரும் பேருந்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சாய்பாசாவில் நடந்தது அதே முறையில் இனி நடப்பது கடினம். இவற்றைப் பெரியப்பாவும் ஒப்புக்கொள்கிறார். அவருடைய மனக்குறை வேறு: கணினி ஒதுக்கீட்டைச் சரிபார்க்கும், அந்தக் கரும்பலகை பள்ளிக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்காது, அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள் என்கிறார். இதில் அவர் பாதிதான் சரி. வந்து சேர்ந்ததா என்பதைக் கருவூலம் எந்தக் காலத்திலும் நேரில் போய்ப் பார்த்ததில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏற்றியாயிற்று என்ற சான்றைத்தான் பார்த்தது. அது தணிக்கையாளரின் வேலை, அதற்கும் முன்னால் தலைமையாசிரியரின் வேலை.

என் மனக்குறை அவருடையதைவிடச் சிறியது. திரையில் ஒரு பட்டியல் திரும்பி வரும்போது சில சமயம் ஓரிரு சொற்களே காரணமாக வருகின்றன. விதி எண் வருவதில்லை. அதைப் படித்து, பொருளை ஊகித்து, திருத்தி அனுப்ப என்னைப் போன்ற அலுவலகப் பணியாளர்கள் பழகிவிட்டோம். பட்டியலில் யாருடைய பணம் இருக்கிறதோ அவருக்கு அந்த ஓரிரு சொற்களும் தெரிவதில்லை. சம்பளம் நின்ற துப்புரவுப் பணியாளருக்கும், குடும்ப ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கும் பணம் வந்தால் மட்டும் கைப்பேசியில் குறுஞ்செய்தி வருகிறது. பட்டியல் திரும்பும்போதும் ஒரு குறுஞ்செய்தி போகட்டும். எல்லாக் குறைகளும் ஒரே தடவையில், எண்ணிட்டு, எந்தக் காகிதத்தை எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும் என்பதோடு, தமிழில்.